நங்கூரம் போட்ட லாரி

எங்கள் வீட்டு லாரிக்கு எல்லாம் இருந்தது. முன்கண்ணாடிக்கு மேலே எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த மாலை இருந்தது. பின்கதவில் ஒன்றையொன்று முறைத்துப் பார்க்கும் இரண்டு மீன்களை வரைந்திருந்தார்கள். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வெற்றிலைபாக்கு வைக்க ஒரு மரப்பெட்டி இருந்தது. எங்கள் ஊர் பட்டினச்சேரியில் அடித்தால் பக்கத்து ஊர் பட்டினம் கடைத்தெருவில் டீ ஆற்றுகிறவருக்குக் கை நடுங்குகிற மாதிரி ஒரு ஹாரன் இருந்தது. பிரேக் மட்டும்தான் கொஞ்சம் சந்தேகம்.

கொஞ்சம் என்பது சித்தப்பாவின் அளவு. லாரியை ஓட்டியவர் அவர்தான். "பிரேக்கு இல்லன்னு யாரு சொன்னா? இருக்கு. நாலு மிதி சேந்தாப்ல மிதிச்சா நிக்கும்" என்பார். நாலாவது மிதிக்குள் லாரி எங்கே போயிருக்கும் என்று யாராவது கேட்டுவிட்டால், பாவம், விவரம் தெரியாதவர்கள் என்று அவர்களை இரக்கத்தோடு பார்ப்பார்.

அது எழுபதுகளின் கடைசி. நான் நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் சித்தப்பாவும் பிறந்ததிலிருந்து கடலில் கிடந்தவர்கள். பிடித்த மீனை ஐஸில் போட்டுக் கும்பகோணத்துக்கு அனுப்ப யாரோ ஒருவரின் லாரிக்காகக் கரையில் தவம் கிடக்க வேண்டும். "மீனு நம்மளது, ஐஸு நம்மளது, லாரி மட்டும் எதுக்கு ஊரான்து?" என்று ஒருநாள் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இருந்த இரண்டு வள்ளத்தில் ஒன்றை விற்று, யாரோ ஓட்டி ஓட்டி அலுத்துப்போன ஒரு பழைய லாரியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சித்தப்பா லைசென்ஸ் எடுத்தார். தெருவே கூடி லாரிக்கு மஞ்சள் பூசிக் கற்பூரம் காட்டியது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கடலில் பிரேக் கிடையாது. கரைக்கு வருகிற வள்ளத்தை அலையே தூக்கி வந்து மணலில் போடும். நடுக்கடலில் நிற்க வேண்டுமானால் நங்கூரத்தை இறக்கினால் போதும். இப்படியே நின்று பழகிய குடும்பத்தில் வந்து, காலடியில் ஒரு இரும்புக் கட்டையைக் காட்டி, இதை மிதித்தால் எல்லாம் நின்றுவிடும், ஆனால் அடிக்கடி கழற்றிப் பார்க்க வேண்டும் என்றால் யார் நம்புவார்கள்? சித்தப்பா லாரியையும் வள்ளம் மாதிரியேதான் கரை சேர்த்தார். மாரியம்மன் கோயில் முனையிலேயே இன்ஜினை அணைத்துவிடுவார். லாரி சத்தமில்லாமல் தெருவுக்குள் மிதந்து வந்து, தெரு முடிகிற இடத்தில் கடற்கரை மணலில் சக்கரம் புதைய நிற்கும். காலையில் ஆம்பிளைகள் எல்லோரும் தோள் கொடுத்து, ஏலேலோ போட்டு, அதைத் தார்ரோட்டுக்குத் தள்ளுவார்கள். வெளியூரிலிருந்து புதிதாக வந்திருந்த எங்கள் டீச்சர் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, உங்க லாரி ரிப்பேரா?" என்று கேட்டார். இல்லை டீச்சர், வேலைக்குக் கிளம்புகிறது என்றேன்.

நங்கூரம் அப்பாவின் யோசனை. விற்ற வள்ளத்தின் நங்கூரத்தை மட்டும் விற்காமல் எடுத்து வைத்திருந்தார். அதற்குப் புதுக் கயிறு போட்டு, கயிற்றின் மறுமுனையை லாரியின் அடிச்சட்டத்தில் கட்டி, நங்கூரத்தை மீன் பெட்டிகளுக்கு நடுவில் படுக்க வைத்தார். "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்றார். லாரி போகும்போதெல்லாம் அவர் பின்னால் நங்கூரத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு போவார். ஆனால் அந்த அவசரம் வரவே மாட்டேன் என்றது. ஒருமுறை வரப் பார்த்தபோது சுரக்குடிப் பக்கம் ஒரு வைக்கோல்போர் குறுக்கே இருந்து காரியத்தைக் கெடுத்துவிட்டது. லாரி அதற்குள் போய்ப் பத்திரமாக நின்றது. நங்கூரத்தைக் கையில் தூக்கிப் பிடித்தபடி அப்பா ஏமாற்றத்தோடு வைக்கோலுக்குள்ளிருந்து எழுந்தாராம்.

காரைக்கால் எல்லையைத் தாண்டும் இடத்தில் செக்போஸ்ட் உண்டு. எங்கள் ஊரிலிருந்து போகிற லாரி அங்கே நிற்காமல் போனால் உள்ளே என்ன இருக்கும் என்று ஊர் உலகத்துக்கே தெரியும். முதல் தடவை சித்தப்பா நிற்காமல் போனபோது போலீஸ்காரர்கள் மோட்டார் சைக்கிளில் துரத்திப் பிடித்து, சாராய பாட்டில் கிடைக்கும் என்று முழங்கை வரை ஐஸில் கைவிட்டுத் துழாவியிருக்கிறார்கள். கிடைத்ததெல்லாம் சங்கரா மீன். விறைத்த கையோடு திரும்பிப் போனவர்கள், அதற்கப்புறம் எங்கள் ஹாரன் தூரத்தில் கேட்டாலே தடுப்புக் கட்டையைத் தூக்கி வைத்துவிடுவார்கள். "மரியாத தெரிஞ்ச மனுசங்க" என்று சித்தப்பா புளகாங்கிதப்பட்டார்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. லாரி வந்து மணலில் நிற்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து, ஆட்களை ஒருமுறை எண்ணுகிற மாதிரி பார்ப்பாள். பிறகு ஆரம்பிப்பாள். "என்னங்க, பட்டறையில வுட்டு அந்த பிரேக்க ஒரு தடவ பாத்துட்டுத்தான் வாங்களேன்."

அப்பாவிடம் இதற்குத் தயாராகப் பதில் இருக்கும். "மீனு வர்ற நேரத்துல லாரிய நிறுத்த முடியுமா?"

"சரி, மீனு இல்லாத நேரத்துல பாருங்க."

"மீனு இல்லாதப்ப லாரி சும்மாதானே நிக்கிது? நிக்கிற லாரிக்கு எதுக்கு பிரேக்கு?"

இதைவிடத் தெளிவாக ஒரு விஷயத்தை விளக்க முடியாது என்று எனக்கே அப்போது தோன்றியது. அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "இப்புடியே ஓட்டுனீங்கன்னா அண்ணனும் தம்பியும் சேந்து மீனும் இல்லாத, ஐஸும் இல்லாத ஊருக்குத்தான் போய்ச் சேரப் போறீங்க."

இந்த நிலையில் சித்தப்பாவுக்குக் கல்யாண ஆசை வந்தது.

கிளிஞ்சல்மேட்டில் மீன் ஏற்றப் போகிற இடத்தில், தன் அப்பாவின் படகு மீனை ஒரு பெண் கணீரென்று ஏலம் கூறிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தக் குரலை இன்னும் கொஞ்ச நேரம் கேட்பதற்காகவே சித்தப்பா விலையை ஏற்றி ஏற்றிக் கேட்டிருக்கிறார். "கிளிஞ்சல்மேட்டு நெத்திலிக்கு மட்டும் ஏன்டா இவ்வளவு வெல? தங்கத்துலயா செஞ்சிருக்கு?" என்று அப்பா கத்தியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தப் பெண் இல்லாவிட்டால் தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று சித்தப்பா சொல்லிவிட்டு, ஒருநாள் முழுக்க மீன் தொடாமல் ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். எங்கள் வீட்டில் அது உண்ணாவிரதத்துக்குச் சமம். அம்மாவே பயந்துபோய்ப் பெண் கேட்கப் போகச் சொன்னாள்.

பெண்ணின் அப்பா ஆஜானுபாகுவான மனிதர். படகு வைத்திருந்தார். ஆனால் கடலுக்குப் போகிறவனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று சபதம் மாதிரி வைத்திருந்தார். "போனவன் திரும்பி வர்ற வரைக்கும் பொம்பளைக்கு வயித்துல நெருப்பு. ஒங்க தம்பிக்கு அந்தக் கவல இல்ல. லாரி தரையிலதானே போவுது" என்று அப்பாவிடம் சொல்லிச் சம்மதித்தார். அப்பா ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். அம்மாவுக்கு மட்டும் புரையேறியது.

பரிசம் போட நாள் குறித்தார்கள். எல்லோரும் பஸ்ஸில் போய்விடலாம் என்று அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சித்தப்பா கேட்கவில்லை. "சொந்த லாரி இருக்குன்னுதான் பொண்ணே குடுக்குறாங்க, அண்ணி. பஸ்ஸுல போயி எறங்குனா என்னா நெனப்பாங்க?" என்றார். லாரியைக் கழுவினார்கள். மீன் வாடை போகவில்லை. சாம்பிராணி போட்டார்கள். மீன் வாடையோடு சாம்பிராணி வாடையும் சேர்ந்துகொண்டது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, பழத்தட்டும் பூத்தட்டும் புடவைத்தட்டுமாகச் சொந்தக்காரர்கள் எல்லோரும் பின்னால் ஏறி நின்றோம். மணலிலிருந்து லாரியைத் தள்ள, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி எல்லோரும் இறங்க வேண்டியிருந்தது. அப்பா தன் இடத்தில், நங்கூரத்தின் பக்கத்தில், புதுத் துண்டு போட்டுக்கொண்டு நின்றார். அம்மா பிடித்துக்கொள்ள எதுவும் அகப்படாமல் என் சடையைப் பிடித்துக்கொண்டாள்.

காரைக்காலில் மலை கிடையாது, குன்று கிடையாது, தரை பாய் விரித்த மாதிரி கிடக்கும். மேடு என்று ஒன்று உண்டென்றால் அது அரசலாற்றுப் பாலம்தான். சித்தப்பா பாலத்தில் ஏறுகிற வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இறங்கும்போது லாரிக்குத் திடீரென்று உற்சாகம் வந்துவிட்டது. உள்ளே தொம் தொம்மென்று மிதிக்கிற சத்தம் கேட்டது. நாலு மிதி ஆயிற்று. ஐந்தாவது மிதிக்குப் பதிலாக ஹாரன் கேட்டது. அதற்கப்புறம் அது நிற்கவேயில்லை.

டவுனில் ஜனங்கள் எங்களுக்கு வழிவிட்ட அழகை நான் மறக்க மாட்டேன். சைக்கிள்கள் வாய்க்காலோரம் ஒதுங்கின. ரிக்‌ஷாக்காரர் ஒருவர் ரிக்‌ஷாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றார். ஒரு பால்காரர் கேனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார். நாங்கள் பெரிய இடத்துச் சம்பந்தம் போலிருக்கிறது என்று கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தேரில் போகிற மாதிரி எல்லோருக்கும் கையை ஆட்டினேன். அம்மா மாரியம்மனைக் கூப்பிடும்போதெல்லாம் என் சடையை ஒரு இழுப்பு இழுத்தாள்.

கிளிஞ்சல்மேட்டில் பெண் வீட்டு வாசலில் பெரிய பந்தல் போட்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பாவும் ஊர்ப் பெரியவர்களும் வரிசையாக நின்று எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஆரத்தித் தட்டோடு பெண்கள் முன்னால் வந்தார்கள். லாரி அவர்களைக் கடந்து போயிற்று. சித்தப்பா மரியாதை தெரியாதவர் இல்லை. ஒரு கையால் ஹாரனை அடித்துக்கொண்டே மறு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி எல்லோருக்கும் வணக்கம் வைத்துவிட்டுத்தான் போனார். ஸ்டியரிங்கை எதனால் பிடித்திருந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நம் ஊர் மாதிரியே தெருக்கோடியில் மணல் இருக்கும், அதில் ஏற்றி நிறுத்திவிடலாம் என்று நினைத்திருக்கிறார். தெருக்கோடியில் மணலும் இருந்தது. ஆனால் மணலுக்கு முன்னால் ஒரு படகு நின்றது.

அப்போதுதான் அப்பாவுக்கு அவர் காத்திருந்த அவசரம் வந்தது. துண்டை இடுப்பில் கட்டினார். "நங்கூரம் போடுறேன்டா!" என்று கூவிக்கொண்டே தூக்கி எறிந்தார். அது பூமியில் எங்கேயும் படாமல், அழகாகப் பறந்து போய்ப் பந்தல்காலில் மாட்டியது. கயிறு விறைத்தது. பந்தல் கிளம்பியது. கீற்றும் மூங்கிலும் வாழைமரமும் ஜமக்காளமும் ஒன்றாகச் சேர்ந்து எங்கள் பின்னால் தெருவில் ஓடி வந்தன. எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு ஓட முடியாமல் லாரி மெல்ல மெல்லத் தளர்ந்து, படகின் மூக்கில் இடித்தும் இடிக்காமலும் போய் நின்றது.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பழங்கள்தான் உருண்டன. விழுந்த ஸ்பீக்கர் மணலைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா மூச்சு வாங்க ஓடி வந்தார். வந்தவரிடம் அப்பா, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா மாமா, எப்புடிப் புடிச்சிச்சி!" என்றார்.

அவர் படகையும் லாரியையும் கயிற்றையும் பந்தலையும் மாறி மாறிப் பார்த்தார். "கடலே வேணாம், தரையில போறவனாப் பாப்போம்னுதானய்யா ஒத்துக்கிட்டேன்? ஒங்க தம்பி தரையிலயும் நங்கூரம் போட்டுத்தான் நிப்பாரா?" என்றவர், தட்டுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பச் சொல்லிவிட்டார். சித்தப்பா லாரியிலிருந்து இறங்கவேயில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். பட்டுச் சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

வீட்டுக்குள்ளிருந்து பெண் வந்தாள். பந்தல் போய்விட்டதால் அவள் வருவது தெரு முழுக்கத் தெரிந்தது. அலங்காரத்தோடு நேராக லாரிக்குப் பக்கத்தில் வந்து, "யாருக்கும் அடி இல்லியே?" என்று கேட்டாள். எங்களை எல்லாம் ஒருமுறை கண்ணால் எண்ணினாள். அம்மா பார்ப்பது மாதிரியே இருந்தது. பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள்.

"பிரேக்கு இல்லியா?"

சித்தப்பா தலையை நிமிர்த்தாமல், "கொஞ்சம் கம்மி" என்றார்.

"ஏன் பாக்கல?"

மீன் வருகிற நேரம், மீன் வராத நேரம் என்று அப்பா பின்னாலிருந்து விளக்க ஆரம்பித்தார். அம்மா அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். பெண் தன் அப்பாவிடம் திரும்பினாள். ஏலம் கூறும் அதே குரல். "அப்பா, தட்டத் திருப்பி அனுப்ப வேணாம். அவங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. லாரி மேலதான் கொற. பிரேக்க சரி பண்ணிட்டு வரட்டும். நான் இந்த ரோட்டுல நடுவுல நிப்பேன். அவங்க அந்த முக்குலேருந்து வேகமா ஓட்டிக்கிட்டு வந்து எனக்கு முன்னாடி நிறுத்தட்டும். நின்னா, அன்னைக்கே பரிசம் போடுவோம்."

"நிக்கலன்னா?" என்று கேட்டது நான்தான். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

"நிக்கலன்னா பரிசம் போட ஆளு இருக்காது" என்றாள் அவள். சிரிக்கிறாளா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

லாரியைக் கயிறு கட்டித்தான் டவுன் பட்டறைக்கு இழுத்துப் போனார்கள். பட்டறைக்காரர் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்ததும் மணலும் மீன் செதிலும் கலந்து கொட்டியதாம். ஐஸ் தண்ணீர் உப்போடு சேர்ந்து சொட்டிச் சொட்டி உள்ளே இரும்பையெல்லாம் தின்றிருந்தது. பிரேக் ஆயில் போகிற குழாய் தொட்டதும் உதிர்ந்தது. லைனிங் அப்பளமாய்த் தேய்ந்திருந்தது. "இத வச்சிக்கிட்டா ஓட்டுனீங்க?" என்று பட்டறைக்காரர் எழுந்து நின்று சித்தப்பாவைக் கும்பிட்டாராம். மீன் சீசனில் லாரி பட்டறையில் கிடந்தது. ஊரான் லாரியில் மீன் போயிற்று. சித்தப்பா வீட்டுக்கே வராமல் பட்டறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு திருகையும் தானே முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னபடி அந்தப் பெண் நடுரோட்டில் நின்றாள். அவள் அப்பா எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. இரண்டு ஊரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தது. சித்தப்பா முக்கிலிருந்து கிளம்பினார். கிளம்பினவர், பாதி தூரம்கூட வராமல் ஒரே மிதியில் நிறுத்திவிட்டார். நாங்கள் கைதட்டினோம். அவள் நெற்றிக்கு மேலே கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மூஞ்சியே தெரியல. இது எனக்கு முன்னாடி நிறுத்துனதா, ஊருக்கு முன்னாடி நிறுத்துனதா? கிட்ட வரச் சொல்லுங்க" என்றாள்.

மறுபடி வந்தார். இந்தத் தடவை லாரி கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வந்து நின்றது. அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பம்பரைக் கையால் தொட்டுப் பார்த்தாள். சித்தப்பா கதவைத் திறந்து இறங்கி, ரோட்டோரமாகப் போய் வாந்தி எடுத்தார். வெயிலில் வந்தது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே பரிசம் போட்டார்கள். அவள் எனக்குச் சித்தியானாள். அப்பா நங்கூரத்தைக் கழற்றி மறுபடி வள்ளத்தில் போட்டுவிட்டார், மனசே இல்லாமல்.

கல்யாணம் ஆகிவிட்டது, இனி பரீட்சை கிடையாது என்று சித்தப்பா நினைத்திருந்தார். வந்த முதல் மாதமே சித்தி கேட்டாள். "பிரேக்கு பாத்தீங்களா?"

"அதான் புதுசாப் போட்டாச்சே?"

"போன மாசம் வலையத் தச்சோம்கறதுக்காவ இந்த மாசம் பாக்காமயா கடல்ல போடுறீங்க? ஐஸு தண்ணி தெனமும் சொட்டுது, உப்பு தெனமும் அரிக்கிது. நாளைக்கு அமாவாச, கடலுக்குப் போவ மாட்டாங்க. நான் ரோட்டுல நிக்கிறேன், வாங்க" என்றாள்.

அதிலிருந்து அது எங்கள் ஊருக்கு ஒரு திருவிழா ஆகிவிட்டது. அமாவாசைக்கு முந்தின நாள் லாரி பட்டறைக்குப் போகும். ஆயில் பார்த்து, லைனிங் பார்த்து, குழாய் குழாயாகத் துடைத்துக்கொண்டு வருவார் சித்தப்பா. மறுநாள் சித்தி தலையில் பூ வைத்துக்கொண்டு மாரியம்மன் கோயிலைத் தாண்டி ரோட்டில் போய் நிற்பாள். அப்பா துண்டை வீசிச் சைகை காட்டுவார். பட்டினத்திலிருந்து சுண்டல்காரர் வந்துவிடுவார். நானும் என் சோட்டுப் பிள்ளைகளும் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வோம். லாரி வரும், நிற்கும், சித்தி பம்பரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைப்பாள்.

சித்தப்பாவுக்கு அதற்கப்புறம் பிரேக் பைத்தியம் பிடித்துவிட்டது. அடுத்தவர் லாரிக்கு அடியிலெல்லாம் கூப்பிடாமலே படுத்துப் பார்க்க ஆரம்பித்தார். கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரரிடம் பாயசம் வருகிற நேரத்தில் வீல் சிலிண்டரைப் பற்றிப் பேசினார். செக்போஸ்டில் கட்டை தூக்கியிருந்தாலும் வேண்டுமென்றே நிறுத்தி, "பாத்தீங்களா, நின்னுச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். போலீஸ்காரர்கள், முன்னாலேயே தேவலை என்றார்களாம்.

அடுத்த வருஷம் சித்திக்கு வளைகாப்பு நடந்தது. இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். அதற்கடுத்து வந்த அமாவாசையில், இந்தத் தடவை நிற்க மாட்டாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும்போது, சித்தி மெதுவாக நடந்து போய் ரோட்டில் நின்றுவிட்டாள். அம்மா ஓடிப் போய்க் கையைப் பிடித்தாள். "வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு இது என்னடி கூத்து? போதும், வா."

"வண்டி நல்லா இருக்குல்ல அக்கா? அப்பறம் என்ன பயம்?" என்றாள் சித்தி. ஒரு கையை இடுப்பிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

நான் சுண்டல் பொட்டலத்தோடு என் இடத்தில் ஏறி உட்கார்ந்தேன். அப்பா துண்டை வீசினார். கோயில் முனையில் லாரி உறுமியது. கொஞ்ச தூரம் வந்தது. நின்றுவிட்டது. சித்தப்பா பின்னால் எடுத்தார். அப்பா மறுபடி வீசினார். லாரி மறுபடி கொஞ்சம் வந்து, அதே இடத்தில் நின்றது. பிறகு இன்ஜின் சத்தமும் அடங்கியது. சித்தப்பா கதவைக்கூட மூடாமல் இறங்கி, அவ்வளவு தூரமும் நடந்தே வந்தார். சித்திக்கு முன்னால் வந்ததும் தார்ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். ஊர் பார்க்கிறதே என்று இல்லாமல் ஓவென்று அழுதார்.

"பிரேக்கு நல்லாத்தான் இருக்கு. நேத்து பாத்தேன். காலையிலயும் ரெண்டு தடவ பாத்தேன். ஆனா என்னால வர முடியல. நீ நிக்காத."

சித்தி குனிய முடியாமல், நின்றபடியே அவர் தலையில் கை வைத்தாள். வளையல் சத்தம் எங்களுக்குக் கேட்டது. "சரி, எந்திரிங்க. இனிமே நான் நிக்க வேண்டியதில்ல" என்றாள். அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது. ஆனால் முகம், ஏலத்தில் நினைத்த விலை கிடைத்த மாதிரி தெளிவாக இருந்தது.

அப்புறம் அவள் நிற்கவேயில்லை. சித்தப்பா அமாவாசைக்கு முந்தின நாள் பட்டறைக்குப் போவதையும், லாரி இருந்தவரை, நிறுத்தவேயில்லை.

எனக்கு அன்றைக்கு வந்தது கோபம்தான். வெயிலில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து, கடைசியில் வேடிக்கையே இல்லாமல் போய்விட்டது. கூட்டம் கலைந்தது. சுண்டல்காரர் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பிரேக்கே இல்லாத காலத்தில் ஒரு கையால் ஹாரனை அடித்து, மறு கையால் ஊருக்கெல்லாம் வணக்கம் வைத்துச் சிரித்துக்கொண்டே ஓட்டின மனுஷர், பிரேக் நன்றாக இருக்கும்போது எதற்கு அழ வேண்டும்? வள்ளத்திலிருந்து குதித்து வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் சடையைப் பிடித்துக்கொண்டு, வீடு வரைக்கும் விடாமல் கூட்டிக்கொண்டு போனாள்.